எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவள்

பின்னேரம் மூன்று மணி, தேத்தண்ணி நேரம். எங்கள் நிலையத்துக்கு வருகிற ஒருவருடைய தகப்பன் தன் தோட்டத்துக் கத்தரிக்காய்களை ஓர் உரப்பையில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதில் ஒன்றை எடுத்து, புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஜெசிந்தா தன் தேத்தண்ணிப் பேணியோடு நின்றாள்.

எனக்கு அன்று நல்ல மனநிலை. பகிடி விடத் தோன்றியது.

"என்ன ஜெசிந்தா, உன்ரை தேத்தண்ணிக்குள்ளை இந்தக் கத்தரிக்காயைப் போடட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம் ரீச்சர்," என்றாள். பேணியை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள்.

நான் சிரித்தேன். பேணியை நீட்டியபடியே அவளும் சிரித்தாள்.

சிரிப்பு முடிவதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. அதற்கு அரை மணி நேரம் முன்புதான், இதே மேசையில் இருந்து, ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்தேன். ஜெசிந்தா தன் சொந்த விருப்பத்தின் பேரில் குருநகர் வீட்டை விட்டுக் கொடிகாமத்தில் தங்கையோடு போய் இருக்கச் சம்மதிக்கிறாள் என்பது கடிதத்தின் சாரம். சம்மதம் எப்படிக் கிடைத்தது? "போறியோ?" என்று நான் கேட்டேன். "ஓம் ரீச்சர்" என்று அவள் சொன்னாள்.

கத்தரிக்காய் இன்னும் என் கையில் இருந்தது. அவள் பேணியை இன்னும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போன இடம்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த ஒரு சிநேகிதி, "நீ அந்த நிலையத்தில் என்னதான் செய்கிறாய் என்று ஒருநாளும் சரியாகச் சொல்லவில்லை" என்று குறைப்பட்டாள். நியாயம்தான். புதிதாக வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மானிப்பாயில் ஒரு பழைய வீடு. விறாந்தை, இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் வளவு. காலையில் ஒரு வான் பதினொரு பேரைக் கொண்டுவந்து இறக்கும், பின்னேரம் ஏற்றிக்கொண்டு போகும். எழுத்தும் எண்ணும் பிடிபடாத, ஒன்றை விளங்கிக்கொள்ள மற்றவர்களை விட அதிக நேரம் எடுக்கிற மனிதர்கள். இளையவருக்கு இருபத்திரண்டு வயது, மூத்தவருக்கு ஐம்பத்தாறு. நாங்கள் எல்லாரையும் "பிள்ளைகள்" என்போம். ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு மீசை நரைத்துவிட்டது, அவரும் பிள்ளைதான்.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். ஓய்வு பெற்றவுடன் இந்த நிலையத்தை என் கையில் தந்தார்கள். கணக்கு ரீச்சர் வந்தால் ஒழுங்கு வரும் என்று நினைத்திருப்பார்கள். வந்தது. தேவைக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. எல்லாருக்கும் ஒரே நிறப் பேணி, ஒரே நேரத்துக்குப் பாட்டு, ஒரே வேலை. கடித உறை ஒட்டுவதுதான் வேலை. நான் மணி அடித்தால் பதினொரு பசைத் தூரிகைகள் ஒன்றாக எழும்பும். வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்து அதிசயிப்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

ஜெசிந்தா குருநகர்ப் பிள்ளை. நாற்பத்தொரு வயது. கட்டையான உருவம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. ஒன்பது வருடமாக வருகிறாள். நான் படலையைத் திறந்து உள்ளே வந்தால் முதலில் ஓடிவருவது அவள்தான். என் குடையை வாங்கி, மடித்து, ஆணியில் கொழுவிவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாள். இப்படிச் செய் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பதினொரு பேரும் ஒராளோ?

கத்தரிக்காய் நாளுக்கு ஒரு மாதம் முன்பு தர்ஷிகா வந்தாள். சமூக சேவை உத்தியோகத்தர். என்னிடம் படித்தவர்களுடைய பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு படிவக் கட்டை நீட்டினாள். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் வேண்டுமாம். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, ஆரோடு இருக்க விருப்பம், என்ன செய்ய ஆசை. எல்லாம் அவரவரிடம் கேட்டு எழுத வேண்டும்.

படிவம் நிரப்புவது எனக்குக் கரும்பு தின்கிற மாதிரி. ஒரே காலையில் பதினொன்றையும் முடித்துவிட்டேன். "பாட்டு விருப்பமோ?" ஓம். "ஐஸ்கிறீம் விருப்பமோ?" ஓம். "உறை ஒட்ட விருப்பமோ?" ஓம். "இஞ்சை வாறது சந்தோசமோ?" ஓம், ஓம்.

அடுத்த கிழமை தர்ஷிகா வந்து வாசித்தாள். நாலாவது படிவத்தில் வேகம் குறைந்தது. ஆறாவதில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. பதினொரு பேரும் ஒராளோ?"

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"பிடிக்காதது எண்ட இடத்திலை எல்லாருக்கும் 'ஒன்றுமில்லை' எண்டு எழுதியிருக்கிறியள். எனக்கெண்டால் எழுத அந்தச் சின்ன இடம் காணாது, ரீச்சர்."

எனக்கு மூக்கு உடைபட்ட மாதிரி இருந்தது. "அதுகள் திருப்தியான பிள்ளையள். உங்களை மாதிரி ஒவ்வொண்டுக்கும் குறை சொல்லாதுகள்," என்றேன். அவள் வாதாடவில்லை. படிவங்களை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்று வீட்டுக்குப் போய்க் குசினிப் பாத்திரங்களோடுதான் சண்டை பிடித்தேன்.

என் கணவரிடம் கதையைச் சொல்லி, "நான் செய்தது சரிதானே?" என்று கேட்டேன். "ஓம்," என்றார் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல். அவரும் முப்பத்தைந்து வருடமாக ஓம் சொல்லியே காலம் தள்ளுகிற மனிதர். அந்த ஓமை எப்படி எடுக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜெசிந்தாவுடையதைத்தான் தெரியாமல் போயிற்று.

பஸ்ஸில் ஒரு பழைய ஞாபகம்

மறுபடி கத்தரிக்காய்க்கு வருகிறேன். வான் வந்து எல்லாரும் போன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிதத்தை ஜெசிந்தாவின் தமையன் அன்ரன் கையெழுத்து வைத்தவுடனேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அதைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால், அவளுடைய பதிவு கொடிகாமப் பக்கத்துக்கு மாறிவிடும். பிறகு எங்கள் வானும் வராது, நிலையமும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பஸ்ஸில் ஏறினேன்.

வழியில் ஒரு வளைவு வரும். அங்கே முந்தி ஒரு சோதனைச் சாவடி இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிற கடை. பஸ் அதைத் தாண்டும்போது அந்தக் காலத்து நாளொன்று நினைவுக்கு வந்தது.

சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறேன். மறித்து நிறுத்துகிறார்கள். இராணுவப் பொடியன் ஒருவன் தன் மொழியில் ஏதோ கேட்கிறான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் சிரித்தபடி "ஓம், ஓம்" என்கிறேன். மறுபடி வேறு எதையோ கேட்கிறான். மறுபடி "ஓம்". அவன் என்ன கேட்டான் என்பது எனக்கு இன்று வரை தெரியாது. இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் மட்டும்தான் அப்போது தெரிந்தது.

பட்டம் பெற்ற கணக்கு ரீச்சர் நான். எனக்கே அந்தக் கதி.

ஜெசிந்தா எங்களிடம் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நின்றிருக்கிறாளோ என்று பஸ்ஸில் இருந்தபடி நினைத்தேன். நினைத்தவுடன் அடுத்த நினைப்பு: அப்படியானால் என் குடையை ஓடிவந்து வாங்குவதும் பயத்தில்தானோ? யாழ்ப்பாணத்தில் இறங்கிக் குருநகருக்கு ஓட்டோ பிடித்தேன்.

பீப்பாவுக்குள் இயந்திரம்

அன்ரன் வீட்டு வாசலில், படகின் இயந்திரத்தைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். உப்புப் போக அப்படிக் கழுவ வேண்டும். காது கிழிகிற சத்தம். பக்கத்தில் கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா உள்ளே சுவரோடு சாய்ந்து, காதும் மூடத் தலையைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு இருந்தாள். தடிமன், காய்ச்சல் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, அந்தக் கடுதாசியைத் திருப்பித் தாரும்!" என்று கத்தினேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "என்ன ரீச்சர், எழுத்துப் பிழையோ?"

"அவள் ஓம் எண்டதை நம்ப ஏலாது. தேத்தண்ணிக்குள்ளை கத்தரிக்காய் போடட்டோ எண்டு கேட்டன். அதுக்கும் ஓம் எண்டாள்."

அன்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம்.

"கேட்டது ஆர்? நீங்கள். ஓம் எண்டது ஆர்? அவள். நான் பக்கத்திலை சும்மா நிண்டனான். இப்ப வந்து கடுதாசியைத் தா எண்டால் நான் என்ன செய்ய?"

"நீர் அவளைத் தள்ளிவிடப் பாக்கிறீரோ எண்டு எனக்கு யோசினை," என்றேன். என் வாய்க்கு எப்போதும் பூட்டுக் கிடையாது.

அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. "ரீச்சர், அம்மா இருக்குமட்டும் அம்மா பாத்தா. அம்மா கண்ணை மூடினாப் பிறகு, நாலு மணிக்கு வான் வந்து இவளை இறக்கினால் வீட்டிலை ஆருமில்லை. என்ரை மனுசி நண்டுக் கொம்பனியாலை வர ஆறு மணியாகும். நான் கடலிலை, இல்லாட்டில் கரையிலை. இவள் படலையடியிலை தனியக் குந்திக்கொண்டிருக்கிறாள். ரோட்டாலை போறதுகள் பகிடி பண்ணுதுகள். கொடிகாமத்துத் தங்கச்சி மெற்றில்டா, அக்காவைத் தான் வைச்சிருக்கிறன் எண்டு போனிலை அழுறாள். நான் வேறை என்ன செய்ய? சொல்லுங்கோ பாப்பம்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கடிதத்தை உள்ளேயிருந்து எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"பெருநாள் முடியுமட்டும் வைச்சிருங்கோ. அதுக்குள்ளை அவளின்ரை மனசை அறிஞ்சு சொல்லுங்கோ. நாப்பது வருசமா எனக்குத் தெரியேல்லை. உங்களுக்கெண்டாலும் தெரியுதோ பாப்பம்."

பத்துக்குப் பத்து

கணக்கு ரீச்சரிடம் வேலையைத் தந்தால் அவள் கணக்கு மாதிரித்தான் செய்வாள். கொப்பியில் இரண்டு நிரல் கீறினேன்.

"குருநகரிலை இருக்கப்போறியோ, கொடிகாமத்துக்குப் போகப்போறியோ?"

"கொடிகாமம்."

கொஞ்சம் பொறுத்து, மாற்றிக் கேட்டேன். "கொடிகாமத்துக்குப் போகப்போறியோ, குருநகரிலை இருக்கப்போறியோ?"

"குருநகர்."

பத்துத் தரம் கேட்டேன். பத்திலும், நான் கடைசியாகச் சொன்னதுதான் பதில். சரி, எதிர்மறையாகக் கேட்போம் என்று, "கொடிகாமத்துக்குப் போக விருப்பமில்லையோ?" என்றேன். "ஓம்," என்றாள். அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று நானே குழம்பிப்போனேன். நாட்காட்டியில் இருந்து ஒரு கடற்கரைப் படமும் ஒரு தென்னந்தோப்புப் படமும் வெட்டி முன்னால் வைத்தேன். இரண்டையும் ஓரத்துக்கு ஓரம் சரியாக அடுக்கி என்னிடம் திருப்பித் தந்தாள்.

கொப்பியை மூடிவிட்டு, மானத்தை விட்டு, தர்ஷிகாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கேக்கிறதை நிப்பாட்டுங்கோ ரீச்சர். கொஞ்ச நாளைக்கு அவவைச் சும்மா பாருங்கோ."

"பாக்கிறதோ? நான் ஒன்பது வருசமாப் பாக்கிறன் பிள்ளை."

"ஒன்பது வருசமா எண்ணிக்கொண்டெல்லோ இருக்கிறியள்," என்றாள். கேட்கச் சுட்டது. ஆனாலும் பார்க்கத் தொடங்கினேன்.

அலுமாரிக்குப் பின்னால்

இரண்டாம் நாள் கண்டேன். ஜெசிந்தா மூன்று உறை ஒட்டினாள். நாலாவதை எடுத்தாள், பசை பூசினாள், என் பக்கம் ஒருதரம் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் அந்த உறையை இரண்டாக மடித்து, பக்கத்து அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே மெல்லத் தள்ளினாள். பிறகு மறுபடி மூன்று.

எல்லாரும் போன பிறகு கூட்டுகிற தும்புத்தடியின் காம்பை அந்த இடுக்குக்குள் விட்டு இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. புதிதும் பழையதுமாக, மஞ்சளித்து, பல்லி முட்டை ஒட்டி, பசை காய்ந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு. இத்தனை வருடமும் தாள் குறைகிறது என்று, உறைக்குத் தாள் அனுப்புகிற அச்சகக்காரரோடு நான் பிடித்த சண்டைக்கு அளவில்லை. அந்த மனிதர் பாவம், கடைசியில் என் தொலைபேசியையே எடுப்பதை விட்டுவிட்டார்.

நிலத்தில் இருந்து அந்தக் குவியலைப் பார்த்தேன். எனக்கு வாயால் சொல்லாததை எல்லாம் அவள் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறாள் என்று பட்டது. ஏச வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்தது மீன். கிழமையில் இரண்டு நாள் நிலையத்தில் மீன் குழம்பு. "குருநகர்ப் பிள்ளைக்குத் தலை!" என்று சொல்லி, மீன் தலையை ஜெசிந்தாவின் சோற்றுக் கோப்பையில் நானே வைப்பேன். கடற்கரைப் பிள்ளைக்கு நான் செய்கிற மரியாதை அது. அவள் அதை முதலில், வெகு வேகமாகச் சாப்பிடுவாள். ஆசை பொறுக்கவில்லை என்று இத்தனை காலமும் சந்தோசப்பட்டேன். இந்தமுறை முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தண்ணீர் என்று மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கினாள். முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்து, மிச்சச் சோற்றை ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில், அடுத்த மீன் நாளில் அவளுக்கு மீன் வைக்கவில்லை. அவள் கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழும்பி வந்து, கோப்பையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தலை வேண்டுமாம்!

பிடிக்காததை ஏன் கேட்டு வாங்குகிறாள்? நான் போடும் ஒழுங்கு பிழைத்தால் பயமா? என் கையால் வைப்பது அவளுக்கு முக்கியமா? அல்லது அன்று நான் பார்த்தது வெறும் தொண்டை நோவா? கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடைசியில் ஒரு சின்னத் துண்டு வைத்தேன். அது சரியோ பிழையோ, இன்றைக்கும் தெரியாது.

கொடிகாமம்

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் கொடிகாமத்துக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவள் உள்நாட்டில் எப்படி இருப்பாள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். மீன் பிடிக்காவிட்டாலும் கடல் காற்று வேண்டாமா என்றேன். உண்மைக் காரணம், காலையில் படலையைத் திறக்கும்போது அவள் ஓடிவராத நிலையத்தை என்னால் நினைக்க முடியவில்லை. அவளுடைய விருப்பத்தைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னுடையதைத்தான் தேடினேனோ தெரியாது.

இடத்தைக் காட்டாமல் இடத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? பெருநாள் முடிந்த சனிக்கிழமை, அன்ரனும் நானும் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினோம். பின்னேரம் திரும்பி வருவது என்று ஏற்பாடு. ஒரு பையில் அவளுக்கு மாற்றுச் சட்டை, துவாய், தண்ணீர்ப் போத்தல். அவள் அழுதால் உடனே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதே சரி.

மெற்றில்டாவின் வீடு பெருந்தெருவில் இருந்து உள்ளே, தென்னைகளுக்கு நடுவில். வாழைகள், ஒரு கிணறு, கட்டியிருந்த ஓர் ஆடு. மெற்றில்டா தமக்கையைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஜெசிந்தா அழவில்லை, சிரிக்கவுமில்லை. பையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

மத்தியானம் பலாக்காய்க் கறி, பருப்பு, முருங்கையிலை வறை. எனக்கும் அன்ரனுக்கும் மீன் பொரியலும் வந்தது. ஜெசிந்தாவின் கோப்பையில் மீன் இல்லை.

"உவளுக்கு மீன் போடேல்லையோ?" என்றார் அன்ரன்.

"அக்காவுக்கு மீன் பிடிக்காதெல்லோ அண்ணை," என்றாள் மெற்றில்டா, ஊருக்கே தெரிந்த விசயம் போல. "சின்னனிலை துப்பித் துப்பி விடுவா. அம்மா அடிச்சு அடிச்சு வாயிலை தீத்தினவ. அம்மாவையும் பிழை சொல்ல ஏலாது, வீட்டிலை வேறை என்ன இருந்தது? பிறகு அக்கா துப்புறதை விட்டிட்டா. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சாப்பிடத் துவங்கினா."

அன்ரன் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. "எனக்கு ஏன் தெரியாது?" என்றார்.

"நீங்கள் அப்ப கடலுக்குப் போகத் துவங்கிட்டியள், அண்ணை."

நான் மீன் பொரியலைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளினேன். ஒன்பது வருடம் நான் மரியாதை என்று வைத்த மீன் தலைகள் எல்லாம் ஒன்றாக வந்து தொண்டையில் நின்றன.

சாப்பிட்ட பிறகு ஜெசிந்தா தானாகவே எழும்பிப் போய், கிணற்றடியில் வாழை நிழலில் கிடந்த ஒரு கல்லில் இருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஆட்டையும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருந்தாள். நான் விறாந்தையில் கதிரையைப் போட்டு அவளையே பார்த்தேன். சந்தோசமா? தெரியவில்லை. கவலையா? அதுவும் தெரியவில்லை. காற்றுக்கு வாழையிலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பையின் பிடி

நாலு மணிக்கு எழும்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜெசிந்தா விறாந்தைக்கு வந்து பையின் பக்கத்தில் நின்றாள். நான் பையைத் தூக்கினேன்.

"வா ஜெசிந்தா, போவம்."

அவள் பையின் பிடியை மறுபக்கத்தால் பிடித்தாள். இழுக்கவில்லை, விடவுமில்லை.

"மாட்டன்," என்றாள்.

ஒன்பது வருடத்தில் இந்தச் சொல்லை அவள் வாயில் இருந்து நான் கேட்டதில்லை. படலைவரை போயிருந்த அன்ரன் திரும்பி வந்தார். "என்னடி சொன்னனீ?" என்றார், கோபத்தில் இல்லை, நம்ப முடியாமல்.

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றாள். அப்படி நின்றுகொண்டே மறுபடி சொன்னாள்.

"மாட்டன்."

எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்த மாதிரியும் இருந்தது. யாருக்கு இந்த மாட்டன்? எனக்கா? குருநகருக்கா? உறை ஒட்டுகிற மேசைக்கா? அல்லது அந்தப் பின்னேர வெய்யிலில் பஸ்ஸுக்கு நடப்பதற்கு மட்டுமா? இங்கே அவளுக்கு எது பிடித்தது? தங்கையா, மீன் இல்லாத கோப்பையா, சத்தமில்லாத கிணற்றடியா? காலையில் இருந்து அவள் தலையில் துவாய் கட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சத்தியமாகத் தெரியாது.

"ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

மாற்றிக் கேட்டுப் பார்ப்போமா, முன்பின்னாகக் கேட்போமா என்று என் கணக்கு மூளை உடனே வேலை செய்யத் தொடங்கியது. வாயைத் திறந்தும் விட்டேன். அவளுடைய தோள்களைப் பார்த்தேன். இன்னும் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பையின் பிடியை விட்டேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெருந்தெருவில்

தெருவுக்கு வந்ததும் அன்ரன் பஸ் தரிப்பிடத்தின் ஓரத்தில் குந்தினார். நாற்பத்தேழு வயது மனிதர், கடலோடு மல்லுக்கட்டுகிற கைகள். அந்தக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அவளை அனுப்ப வேணும் எண்டு நிண்டவன் நான். இப்ப அழுறன் பாருங்கோ, ரீச்சர்."

"அழும் தம்பி. நானும் அழத்தான் போறன்."

"அதில்லை, ரீச்சர். எனக்கு அவள் ஒருநாளும் மாட்டன் சொன்னதில்லை. வா எண்டால் வருவாள். சாப்பிடு எண்டால் சாப்பிடுவாள். நல்ல பிள்ளை, கரைச்சல் இல்லாத பிள்ளை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்." மூக்கைத் துடைத்தார். "அவ்வளவு நாளும் எத்தினை தரம் மனமில்லாமல் வந்திருப்பாள்?"

எண்ணிச் சொல்ல முடியாத ஒரு கேள்வி. நான் அவர் பக்கத்தில் நின்றேன். முன்பு அவள் மனதை அறியாமல் கையெழுத்து வைத்தோம். இன்று அவள் சொன்னதைக் கேட்டோம், ஆனால் விளங்கியதா? நாளைக்கு அவள் குருநகரைத் தேடி அழுதால்? ஓடிப்போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று அன்ரனும் நினைத்திருப்பார். எழும்பித் தென்னைகளின் பக்கம் இரண்டு அடி வைத்தார். நின்றார்.

பஸ் வந்தது. நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி, "யாழ்ப்பாணம்! அம்மா, யாழ்ப்பாணம் போறியளோ?" என்று கேட்டார்.

அன்ரன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏறினால் அவளை விட்டுவிட்டுப் போகிறோம். ஏறாமல் திரும்பிப் போனால், நாற்பது வருடத்துக்குப் பிறகு அவள் பயந்து பயந்து சொன்ன ஒரே சொல்லையும் தட்டிவிடுகிறோம்.

"கெதியா, கெதியா," என்றார் நடத்துநர்.

ஏறினோம்.